வளையம் தனியாக விற்பதில்லை

பிப்ரவரி 6

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் சுகந்தானே? இங்கே உன் அண்ணனுக்கு முதுகுவலி கொஞ்சம் தேவலை. அத்தைக்கு இருமல் போய்விட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. நானும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை, வயிறு எரிகிறது.

போன வருஷம் உன் மருந்துக் கடையிலிருந்து அனுப்பினாயே ஒரு பெட்டி, அதைப் பற்றித்தான். தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் மாட்டப் போன இடத்தில் உன் அண்ணன் விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனபோது, டாக்டர் எங்களை உட்கார வைத்து, "குழந்தை பிறக்கும்மா, வழிதான் வேற" என்றார். அந்த வழி மொத்தமும் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. விந்தைப் பிடிக்க ஒரு கிண்ணம், ஊசியில்லாத சிரிஞ்ச், அதன் முனையில் மாட்ட ஒரு மெல்லிய குழாய். மூடியின் மேல் கொட்டை எழுத்தில் 'மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம்' என்று போட்டிருக்கிறான். நானும் ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்து, சொட்டு ஈரமில்லாமல் காய வைத்து, பொத்திப் பொத்தித்தான் வைத்திருந்தேன். இப்போது சிரிஞ்சுக்குள் போய்வருகிற தண்டில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. இழுத்தால் காற்று வருகிறது. தள்ளினால் பின்பக்கமாக ஒழுகுகிறது. மாதத்துக்குக் கிடைப்பதே ஒரு வாய்ப்பு. அது என் விரலிடுக்கில் வழிந்து போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். 'தங்கள் உடல்நலம் கருதி வளையம் தனியாக விற்கப்படுவதில்லை. புதிய பெட்டி வாங்கிக்கொள்ளவும்' என்று பதில். என் உடல்நலத்தின் மேல் என்ன அக்கறை பார்! நான் தையல்காரி. ஊசி ஒடிந்தால் ஊசி வாங்குகிறேன், பெல்ட் அறுந்தால் பெல்ட் வாங்குகிறேன். ஊசி ஒடிந்ததற்கு மெஷினையே மாற்று என்று எவனாவது சொன்னால் கத்தரிக்கோலை எடுத்து அவன் மேலேயே வீச மாட்டேனா?

வேறு யாரிடமும் போய்க் கேட்க முடியாது. அத்தைக்குத் தெரியவே கூடாது என்பது உன் அண்ணன் போட்ட சட்டம். "அம்மா காதுல விழுந்தா தெருவுக்கே கேக்கும்" என்கிறார். ஆகையால் நீதான் கதி. அந்த வளையம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து எழுது.

உன் அண்ணி


பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். அண்ணனையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள். ஏன் அண்ணி, என் கூடப்பிறந்த அண்ணன் சமாச்சாரத்தை என்னிடமே இப்படி விலாவாரியாக எழுத வேண்டுமா? கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் படிக்க முடியாது என்று அப்புறம் திறந்தேன்.

கடையில் விசாரித்துவிட்டேன். வளையம், குழாய் முனை எல்லாம் கம்பெனி தனியாகச் செய்யத்தான் செய்கிறது, ஆனால் ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் கொடுக்கிறது. வீட்டில் வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் புதுப் பெட்டிதான் வாங்க வேண்டுமாம். எங்கள் கடைக்குச் சரக்கு தருகிற கம்பெனி ஆள் ஒருவன் இருக்கிறான், வாய் நிறைய சிரிப்பான். அடுத்த முறை வரட்டும், அவன் சட்டையைப் பிடிக்கிறேன்.

அதுவரை எதையாவது மாட்டி ஒப்பேற்ற வேண்டாம். குழாயின் நுனியையும் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் உள்ளே கீறிவிடும், அதையும் மாற்ற வேண்டும்.

அன்புடன்,
வாலு


மார்ச் 5

அன்புள்ள வாலுவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ சட்டையைப் பிடிக்க வேண்டியதில்லை. உன் அண்ணனே சரி செய்துவிட்டார்!

தன் பம்பு ரிப்பேர் மேஜை நிறைய வளையங்களைக் கொட்டிவைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தார். ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. சிரிஞ்ச் இப்போது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. "இதுவும் ஒரு பம்புதானே, இதுக்குப் போய் கம்பெனிகிட்ட கெஞ்சினியா?" என்று என்னைக் கேலி வேறு செய்தார். சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் சிரித்தேன்.

சிரித்தது அத்தை காதில் விழுந்துவிட்டது. "பகல்ல எதுக்குடி கதவைச் சாத்திக்கிட்டு இளிக்கிறே? அவனால என்ன ஆகப்போகுது?" என்று கூடத்திலிருந்தே ஒரு சத்தம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் வம்சம் இவனோட சரி" என்று ஒப்பாரி வைக்கிறார்கள். உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரூவை முடுக்குகிறார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எனக்கு எவ்வளவு பொறுமை என்று நீயே பார்த்துக்கொள்.

உன் அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். கடையில் சரக்குக் கணக்கெடுப்பு, தலை நிமிர நேரமில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? 'விசேஷம்' எதுவும் நீங்கள் எழுதாததால் நானும் கேட்காமல் இருந்தேன்.

கம்பெனி ஆள் கடைசியில் மாட்டினான். "ஆஸ்பத்திரிக்குக் குடுப்பே, வீட்டுல இருக்கிற பொம்பளைக்குக் குடுக்க மாட்டியா? அப்ப பெட்டி மேல எழுதியிருக்கிறதை அழிச்சிட்டுக் கொண்டா. இல்லேன்னா இந்த அலமாரியில இருக்கிறதெல்லாம் திரும்பிப் போகும்" என்று வாடிக்கையாளர் முன்னால் கத்திவிட்டேன். மறுநாளே ஒரு பொட்டலம் வந்தது. வளையங்களும் குழாய் முனைகளும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். ரப்பர் சும்மா வெண்ணெய் மாதிரி வழுக்காது. அண்ணன் எதையாவது தடவினாரா? எண்ணெய், கிரீஸ் எதுவும் அதில் படவே கூடாது. பட்டால் விந்து செத்துப்போகும். பெட்டிக்குள் இருக்கிற தாளில் கடைசி வரியாகப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான்.

அன்புடன்,
வாலு


ஏப்ரல் 28

வாலு,

பொட்டலம் வந்தது. நீ நன்றாக இருப்பாய். நான் நன்றாக இல்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அந்த வளையத்துல ஏதாவது தடவினீங்களா?"

"லேசா கிரீஸ்."

"லேசான்னா?"

"மாட்டும்போது ஒரு விரல். இறுகிடக் கூடாதுல்ல? எந்த பம்புக்கும் போடறதுதானே."

தலையில் அடித்துக்கொண்டேன். "இந்த ரெண்டு மாசமா உங்க புள்ளைகளைக் கிரீஸ்ல முக்கிக் கொன்னிருக்கீங்க! நான் என்னமோ என் உடம்புலதான் கோளாறுன்னு தலகாணியில மூஞ்சியப் புதைச்சிக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கேன்!" என்று கத்தினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சொன்னார்: "இதுல என் பங்குக்கு நான் செய்யறதுன்னு ஒண்ணுமே இல்ல. எல்லாம் நீதான் செய்யறே. இதையாவது நான் செய்யறேன்னு நெனச்சேன்."

அப்புறம் நான் எங்கே கத்துவது? போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கிரீஸ் பட்ட பம்பு வளையத்தை வெட்டிக் குப்பையில் போட்டோம். சிரிஞ்சில் கிரீஸ் வாடை போகவில்லை, அதனால் கடைசியில் ஒரு புது சிரிஞ்சும் உன் கடையிலிருந்துதான் வர வேண்டும்.

ஆனால் அந்தக் கம்பெனிக்காரனை நான் மன்னிக்கமாட்டேன். வளையத்தைக் கேட்டபோதே கொடுத்திருந்தால் இவர் ஏன் பம்பு வளையத்தைத் தேடுகிறார்? கொல்லக்கூடிய விஷயத்தைப் பொடி எழுத்தில் போடுகிறவன், விற்கக்கூடிய விஷயத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறான்.

உன் அண்ணி


ஜூலை 3

என் தங்கமே வாலு,

சுகமா? எல்லோரும் சுகமா? நாள் தள்ளிப்போயிருக்கிறது. டாக்டரும் பார்த்துவிட்டார். நிச்சயம்!

மேலே எழுத வரவில்லை. எழுதுகிறேன், இரு. உன் அண்ணனிடம் சொன்னபோது கையிலிருந்த மோட்டாரைக் கீழே வைக்கத் தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு அழுதார். சட்டையெல்லாம் கறை. நான் துவைத்துக்கொள்கிறேன் என்றேன்.

இனி ஒரு வேலை பாக்கி. அத்தைக்குச் சொல்ல வேண்டும். தன் மகனுக்குக் குழந்தையே கிடையாது என்று நம்பிக்கொண்டிருக்கிறவர்கள் என் வயிற்றைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இவரைக் கேட்டால் "சொல்லலாம், சொல்லலாம்" என்கிறார். எப்போது என்று கேட்டால் ஸ்பேனரைத் தேடுகிறார். பெட்டியை அனுப்பியவள் நீ. பெற்ற பெண் வேறு. அத்தைக்கு நீயே பக்குவமாக ஒரு கடிதம் எழுதிவிடேன். நான் சொன்னால் நாடகம் ஆடுகிறேன் என்பார்கள்.

உன் அண்ணி


ஜூலை 17

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கடை என்றும் பார்க்காமல் குதித்தேன். என் அண்ணன் அப்பா! நான் அத்தை! வெயிட்டான எதையும் தூக்காதீர்கள். தையல் மெஷினை ரொம்ப நேரம் மிதிக்க வேண்டாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை மறக்காமல் சாப்பிடுங்கள். இங்கே நாலு நாளாக மழை, துணி காயவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஜலதோஷம்.

அன்புடன்,
வாலு


ஆகஸ்ட் 21

வாலு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டேன். கேட்டதாக வைத்துக்கொள்.

ஜூலை மாதம் உன்னிடம் ஒன்று கேட்டேன். நீ மழையைப் பற்றி எழுதினாய்.

போன வாரம் நான் முன்னறையில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். அளவு கொடுக்க மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். எனக்குக் குமட்டியது, எழுந்து ஓடினேன். திரும்பி வரும்போது உன் அம்மா என் மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இது புள்ளத்தாச்சி திங்கிற மாத்திரைன்னு கடைக்காரன் சொல்றானே. யாருடி அவன்?"

"அத்தே, உள்ள வாங்க, சொல்றேன்."

"உள்ள என்ன உள்ள? என் புள்ள எழுந்து நடக்க முடியாம கெடக்கறான், நீ எவனுக்கோ வாங்கிக்கிட்டு வந்து என் வீட்ல பெத்துப் போடலாம்னு பாக்கறியா? சொல்லுடி, யாரு புள்ள?"

அந்தப் பெண்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு இந்தத் தெருவிலிருந்து ஒருத்தியும் தைக்க வரவில்லை. அது போகட்டும். அடுத்த அறையில் உன் அண்ணன் ஒரு மோட்டாரைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார். உன் அம்மா 'யாரு புள்ள' என்று கேட்டபோது தட்டுகிற சத்தம் நின்றது. அவர் வருவார், வாயைத் திறப்பார் என்று அந்தச் சக்கரச் சத்தத்துக்காக நான் காத்திருந்தேன். மறுபடியும் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் கேட்டேன். "அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்றது? எனக்குக் கூச்சமா இருக்கு" என்கிறார். அவருக்குக் கூச்சமாம்! அவர் கூச்சத்தைக் காப்பாற்ற நான் வேசிப் பட்டம் வாங்க வேண்டுமாம்!

உன் அம்மா உனக்கும் எழுதிப் போட்டிருக்கிறார்களாம். நீ பதில் போடவில்லை. அதையும் எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள். "என் பொண்ணே வாயடைச்சுப் போயிட்டா பாரு, அவளுக்கும் வெளங்கிடுச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். உன் மௌனம் இங்கே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது, தெரிந்துகொள். ஒரே ஒரு வரி எழுது. 'அம்மா, பெட்டியை நான்தான் அனுப்பினேன், அது அண்ணன் குழந்தை' என்று எழுது. போதும்.

அண்ணி


செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதம் பார்த்து மனசு கஷ்டமாக இருக்கிறது. அம்மாவுக்கு பிரஷர் வேறு இருக்கிறது, கடிதத்தில் படித்து ஏதாவது ஆகிவிட்டால்? தவிர என் மாமியாரும் என் கடிதங்களைப் பார்ப்பார்கள். அண்ணன் நேரில் சொல்வதுதான் முறை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சத்து மாவு ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன்.

வாலு


செப்டம்பர் 12

வாலு,

சத்து மாவு டப்பா வந்தது. உடைக்கவில்லை. கம்பெனிக்காரன் சட்டையைப் பிடித்த பெண்ணுக்குப் பெற்ற தாயிடம் ஒரு வரி எழுதத் துணிச்சல் வரவில்லை என்பதை நான் தெரிந்துகொண்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். துணிமணிகளைக் கட்டினேன். மெஷினைத் தூக்கிப்போக வண்டிக்காரரிடம் சொல்லிவைத்தேன். பிறகு பீரோவிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துவந்து உன் அண்ணனின் ரிப்பேர் மேஜை மேல் வைத்தேன். அத்தையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து எதிரில் உட்கார வைத்தேன்.

"பம்பு ரிப்பேருக்கு வர்றவங்களுக்கெல்லாம் இது எப்படி வேலை செய்யுதுன்னு வெளக்குவீங்களே, இதையும் வெளக்குங்க. இப்ப வெளக்கலேன்னா வண்டி வரும், நான் போயிடுவேன். இந்தக் குழந்தைக்கு அப்பா பேரைச் சொல்லவே மாட்டேன்" என்றேன்.

அவர் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது அல்லவா, சிரிஞ்சை எடுத்துக் கழற்ற ஆரம்பித்தது. "இதும்மா... இது ரப்பர் வளையம். இது தேஞ்சா காத்து புகுந்துடும். மாத்தணும்."

"எதுக்குடா இது?" என்றார்கள் அத்தை.

சொன்னார். அம்மா முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொன்னது, நீ அனுப்பியது, கிரீஸ் தடவியது, எல்லாம். "எனக்குத்தாம்மா. என் குழந்தைதான்" என்றார்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை, மகனைத்தான் பார்த்தார்கள். "நான் இவளை அத்தனை பேச்சு பேசறப்போ, நீ இங்கயேதானேடா உக்காந்திருந்தே?"

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது, உள்ளே போய்விட்டேன்.

வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஆனால் கட்டிய மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை. இரண்டு நாளாக அத்தை எனக்குச் சுடு தண்ணீர் வைத்துத் தருகிறார்கள், முதுகுக்குத் தலையணை கொண்டுவருகிறார்கள், 'ராசாத்தி' என்று கூப்பிடுகிறார்கள். சொன்னது தப்பு என்று மட்டும் வாயில் வரவில்லை. எனக்குத் தலையணை வேண்டாம். நான் அதைச் சொல்லியும் விட்டேன்.

அண்ணி


செப்டம்பர் 24

வாலுவுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். எனக்கு பிரஷரும் இல்லை, ஒரு குறையும் இல்லை. அதைச் சாக்கு சொல்லித் தப்பித்தாயாமே, நேரில் வா, உன் காதைத் திருகுகிறேன். இந்தக் கடிதத்தை உன் அண்ணி படித்துப் பார்த்த பிறகுதான் தபாலில் போடுவாளாம். படிக்கட்டும்.

நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து என்னை என்ன பாடு படுத்தியிருக்கிறீர்கள்! டாக்டருக்குத் தெரியும், கம்பெனிக்காரனுக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியக் கூடாது. நான் தெருவெல்லாம் சொல்லிவிடுவேனாம். ஆமாம், தெரியாததனால்தான் தெருவெல்லாம் சொன்னேன்! என் மகன் வம்சம் போச்சே என்று நான் எத்தனை நாள் அழுதேன், அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டேனா? சரி, இருந்திருக்க மாட்டேன். ஆனால் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

முந்தாநாள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "நான் சொன்னது அத்தனையும் பொய், அது என் புள்ளையோட குழந்தைதான்" என்று சொன்னேன். "அதெப்படி?" என்று இழுத்தாள். "எப்படின்னு உனக்கெதுக்கு? உன் வீட்ல எப்படின்னு நான் வந்து கேட்டேனா?" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். இனி எவள் கேட்டாலும் இதே பதில்தான்.

உன் அண்ணனோடு நான் பேசுவதில்லை. சாப்பாடு வைக்கிறேன், பேசுவதில்லை. பெண்டாட்டியை ஒருத்தி வாய்க்கு வந்தபடி பேசும்போது, அவள் தன் தாயாகவே இருந்தாலும், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் அவனை அப்படியா வளர்த்தேன்? அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. உன் மேலும் ஆறவில்லை.

இவ்வளவும் எழுதியதைப் பார்த்துவிட்டு உன் அண்ணி, "ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, பொண்ணுக்கும் எழுதியாச்சு, என்கிட்ட?" என்று கேட்டுவிட்டு முன்னறைக்குப் போய்விட்டாள். அவள் மூட்டை இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. நானும் இருபது தடவை அவள் பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். இந்த வயசில் எனக்கு இது வருகிற காரியமா? தப்பு என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

இன்றைக்குத்தான் மறுபடியும் அளவு கொடுக்க ஆள் வந்திருக்கிறார்கள். அன்றைக்குத் துணியைச் சுருட்டிக்கொண்டு போனார்களே, அதே மூன்று பேர். பேச்சுக்குரல் இங்கே வரை கேட்கிறது. அவர்கள் போகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேண்டாம். 'யாரு புள்ள' என்று நான் கேட்டபோதும் அவர்கள் இருந்தார்கள். எழுந்து போகிறேன்.

அம்மா